கடைசி நேரத்தில் வருகிறவன்

சண்டைப் படத்தில் சண்டை முக்கியமில்லை, ஐயா. பலர் இதைப் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். அடிதடியை யாரும் காட்டலாம். எங்கள் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது வந்து பாருங்கள், ஒவ்வொரு நாளும் இலவசம். ஒரு படத்தை நல்ல படமாக்குவது கதாநாயகன் எந்த நேரத்தில் வருகிறான் என்பதுதான்.

நீங்கள் பிலிப்புவின் எஞ்சினைப் பற்றித்தான் கேட்டீர்கள். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன். படத்தை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் சொன்னால், இந்த எமிலியானுஸ், அதாவது நான், ஏதோ கெட்டவன் என்று எழுதி முடித்துவிடுவீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த படத்தின் பெயர் எனக்கே தெரியாது. சந்தையில் வாங்கிய சீடி, தொடக்கம் கீறுப்பட்டிருந்தது. ஒரு சுரங்கத்துக்குள் மூன்று பேர் அகப்பட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஏறுகிறது, இடுப்பு, நெஞ்சு, கழுத்து. மேலே சலூனில் கதாநாயகன் சவரம் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆள் ஓடிவந்து சொல்லுகிறான். இவன் அசையவில்லை, மற்றப் பக்கத்துக் கன்னத்தையும் முடித்துவிட்டுத்தான் எழும்புகிறான். தண்ணீர் மூக்கைத் தொடும்போது மேலேயிருந்து ஒரு கை நீளும். அந்தக் கைக்காகவே நான் அதைத் தேயத் தேயப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு படத்தில் பாலம் உடைந்திருப்பதைக் கதாநாயகன் முதலே கண்டுவிடுகிறான். ஓடிப்போய் பஸ்ஸை மறிக்கிறான். ஆட்கள் இறங்கி நடந்து போகிறார்கள். ஒருவராவது அவன் பெயரைக் கேட்கவில்லை. நேரத்தோடு வருவது பஸ்காரன் வேலை ஐயா. எங்கள் பக்கத்தில் அவனும் அதைச் செய்வதில்லை.

இந்தப் படங்களையெல்லாம் என்னோடு இருந்து பார்த்தவன் பிலிப்பு ஒருவன்தான். என் தங்கை கிறேஸின் புருஷன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். பின்னேரம் என் வீட்டுக்கு வந்து பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு பார்ப்பான்.

"உவனுக்குச் சவரமோடா இப்ப அவசரம்? கீழை மூண்டு சீவன் கத்துது."

"பொறு மச்சான். வருவான்."

"வந்தாச் சரி."

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி. கை நீளும்போது ஒவ்வொரு முறையும் கைதட்டுவான்.

சில வருடங்களுக்கு முன்னர் நான் வலை இழுக்கும்போது கடலுக்குள் விழுந்தேன். கால் பிடித்துக்கொண்டது. பிலிப்பு குதித்து, என் தலைமயிரில் பிடித்துத் தூக்கினான். அன்றிலிருந்து ஊரில் எனக்கு வேறு கதை இல்லை. கோயில் பெருநாளிலும் அதுதான், கலியாண வீட்டிலும் அதுதான். பக்கத்து வீட்டு ஷாருஜன் என்னை எங்கே கண்டாலும், "என்னண்ணை, மயிர் இன்னும் நோகுதோ?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நன்றாகவே சிரிப்பேன். பிலிப்பு மட்டும் சிரிக்கமாட்டான். "விடுங்கோடா அவனை" என்பான். அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

கதாநாயகனுக்கு எப்போதும் ஒரு கூட்டாளி இருப்பான், கவனித்திருப்பீர்கள். தொந்தி வைத்தவன், விழுவான், தூக்கப்படுவான். அவனுக்குப் பாட்டும் இல்லை, பெண்ணும் இல்லை. நாற்பத்தாறு வயதில் கண்ணாடியில் அவனைத்தான் பார்த்தேன்.

ஒரேயொரு தடவை ஆள் மாறட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பிலிப்புவின் இரண்டாவது மண்ணெண்ணெய்க் கானில் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தேன். கடல் தண்ணீர் விட்டால் எஞ்சின் துருப்பிடித்துவிடும். அவனுக்கு வீண் செலவு வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அவன் தனியாகப் போனான்.

மத்தியானம் கழித்து, நெடுந்தீவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"மச்சான், எஞ்சின் நிண்டிட்டுது. மற்றக் கானை மாத்தினாப் பிறகுதான். ஒருக்கா வாறியே?"

"நங்கூரத்தைப் போட்டிட்டு அதிலையே நில். வாறன்."

சோளகம் எழும்பியிருந்தது. நங்கூரம் போடாமல் விட்டிருந்தால் அந்தக் காற்று வள்ளத்தை வீட்டுப் பக்கம்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். ஆனால் ஒரு வள்ளம் தானாக வந்து கரை ஒதுங்குவதில் படம் எங்கே இருக்கிறது?

நான் கண்ணாடியை எடுத்து வைத்துச் சவரம் செய்யத் தொடங்கினேன். பாதி முகம் ஆகியிருக்கும்போது இரண்டாவது அழைப்பு.

"வெளிக்கிட்டிட்டியோ மச்சான்? தண்ணி உள்ளுக்கை அடிக்குது."

"ஓம், வந்துகொண்டிருக்கிறன்."

"பதறாதை, பாத்து வா. உனக்குக் காய்ச்சலெல்லோ."

கன்னத்தில் சவர்க்காரம் காய்ந்துகொண்டிருந்தது. மற்றப் பக்கத்தையும் முடித்தேன். மூன்றாவது அழைப்பு வந்தபோது போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படத்தில் மூன்றாவது அழைப்பை எடுக்கமாட்டார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான் ஐயா. அது அடித்து ஓயும் வரைக்கும்.

எங்கள் கரை அப்புத்துரை அண்ணையின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைய கடலில் வேறு ஒருவரும் இறங்கியிருக்கமாட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிலிப்புவின் வள்ளம் நான் சொன்ன இடத்திலேயே, நங்கூரத்தில், கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அவன் மிதந்தான். நங்கூரக் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. சொன்ன சொல் கேட்பவன். வேறு பிடி கிடைக்காததால் தலைமயிரில் பிடித்துத்தான் தூக்கினேன்.

செத்த வீட்டில் எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டார்கள். ஷாருஜன் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்து, "நீங்கள் குடியுங்கோ அண்ணை" என்றான். தனியொரு ஆளாக அந்தக் காற்றுக்குள் போனவர் என்று என்னைக் காட்டிக் கதைத்தார்கள். ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நீங்களும் இல்லை. எஞ்சின் பழுதாகி நடந்த விபத்து என்று கோப்பை மூடத்தான் கையெழுத்துக் கேட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வரும்போதுதான் கிறேஸ் சொன்னாள்.

"அவர் அண்டைக்கு எனக்கும் போன் எடுத்தவர் அண்ணை. அப்புத்துரை அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரவோ எண்டு கேட்டன். வேண்டாமெண்டிட்டார்."

"ஏனாம்?"

"'அவன் வரட்டும். அவன் என்னைத் தூக்கினவன் எண்டு ஊர் ஒருக்காக் கதைக்கட்டும்' எண்டவர். சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவர்."

அதற்குப் பிறகு என்னால் படம் பார்க்க முடியவில்லை. சுரங்கப் படத்தைப் போட்டேன். கை நீண்டது, கைதட்ட ஆள் இல்லை. அவன் பாய் சுவரோடு சுருட்டியபடி நிற்கிறது. படத்தை நிறுத்திவிட்டு இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கானில் தண்ணீர் கலந்தது நான். நங்கூரத்தைப் போடச் சொன்னதும் நான்தான். கிறேஸுக்கு நீங்களே சொல்லுங்கள், என்னால் ஏலாது. என்ன தண்டனை தந்தாலும் சரி. ஆனால் நான் பிந்திப் போனேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் சரியான நேரத்துக்குத்தான் போனேன், ஐயா. அவன்தான் கொஞ்சம் முந்திவிட்டான்.