சனி நிலாவின் மழைக்காலம்

நான் யார் பேச்சையும் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. காங்கேயம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்தான், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் மகளோடு ஸ்பீக்கர் போட்டுப் பேசினார்.

"சனிக்கெரகத்து நெலாவுல மேகம் வந்துருச்சா கண்ணு?"

"இப்பத்தானுங்கப்பா ஒண்ணு ரெண்டு தெரியுது."

"அப்ப பருவம் முடிஞ்சு தைக்கு ஊட்டுக்கே வந்துருவீல்ல?"

"அங்க ஒரு பருவம் ஏழு வருசமுங்கப்பா. முடியற வரைக்கும் நான் பாக்கோணும்."

"நம்ம ஐப்பசி கார்த்திகையாட்டம்னு நெனச்சுப்போட்டேன்."

"நானும் வெவரமாச் சொல்லலீங்க."

"மழையாச்சும் பேயுமா?"

"பேயுமுங்க. தண்ணியில்லீங்க, கேஸு தண்ணியாட்டப் பேயும்."

"அத வெச்சு என்ன வெள்ளாமை பண்ண?" என்று சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. பஸ் பல்லடம் தாண்டியது.

"கண்ணு, ஒன்ற ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன். இப்போதைக்கு அதுல தேங்காயக் கொட்டிக்கட்டுமா?"