திருப்பித் தராத சட்டை

காவலர்: ...சோப்பை ரெண்டா வெட்டித்தான் உள்ள அனுப்பணும்மா.

அவள்: வெட்டுங்க சார். போன தடவை துருவியே அனுப்பிட்டீங்கன்னு இவர் சொன்னார்.

காவலர்: உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். பைஜாமாவுல நாடா இருக்கா?

அவள்: இல்ல சார். எலாஸ்டிக் வெச்சு நானே தச்சது.

காவலர்: இந்த வெள்ளைச் சட்டை போகாது. ஆளுக்கு ரெண்டுதான். ஒண்ணு வெளிய வந்தாத்தான் ஒண்ணு உள்ள.

அவள்: அப்ப அந்தக் கிழிசலை வாங்கிக்கறேன். அதோ வர்றாரே, மேல மாட்டிக்கிட்டு, அதை.

காவலர்: அவர்கிட்டயே சொல்லுங்க. கம்பி வலையைத் தொடாம நிக்கணும்.

அவள்: ஏங்க...

அவன்: வந்துட்டியா. மழையில நனைஞ்சியா?

அவள்: அது கிடக்கட்டும். காலர் தொங்குது பாருங்க. தையல்காரி புருஷன்னு இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என் பொழப்பு போயிடும்.

அவன்: சொல்லல. சமையல்காரின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்.

அவள்: என் சமையலைத் தின்னவர் சொல்ற பொய்யா அது...

அவன்: இப்ப அதுக்கே ஏங்கறேன். பாப்பா எப்படி இருக்கா?

அவள்: முன்பல்லு விழுந்துடுச்சு. அப்பா வந்ததும் காட்டணும்னு டப்பாவுல போட்டு வெச்சிருக்கா.

அவன்: ம்... வக்கீல் என்ன சொன்னார்?

அவள்: ஜாமீன் மனு இந்தத் தடவையும் தள்ளிப் போயிடுச்சாம்.

காவலர்: நேரம் போயிட்டிருக்கும்மா.

அவள்: உள்ள போய் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு, இதைக் கழட்டிக் கொண்டு வாங்க.

அவன்: இதுவே போதும். வெள்ளையை நீ எடுத்துட்டுப் போ.

அவள்: ஏன், நீலம் பத்தலையா?

அவன்: கச்சிதமா இருக்கு. போன வாரம்கூடப் போட்டேன். யார் தச்சதுன்னு பக்கத்து அறைக்காரர் கேட்டார்.

அவள்: பொத்தான் எல்லாம் போட்டீங்களா?

அவன்: பின்ன, திறந்து போட்டுக்கிட்டா திரிவேன்?

அவள்: கழுத்துப் பொத்தான்?

அவன்: அதுவும்தான். என்ன, எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி கேக்கற.

அவள்: அதைத் தச்ச அன்னைக்கு கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அவசரத்துல நாலு சட்டைக்குக் காஜா தச்சேனே தவிர, நடுவுல பொத்தான் நுழையற துளையை வெட்டல. மூணு சட்டை திரும்பி வந்துடுச்சு. பொத்தானை எதுலம்மா மாட்டறதுன்னு தைக்கக் குடுத்த பஸ் கண்டக்டர் தையல் மெஷின் மேலயே விட்டெறிஞ்சுட்டுப் போனார். நாலாவது உங்களோடது.

அவன்: இல்ல, அது வந்து...

அவள்: யாருக்காவது குடுத்துட்டீங்களா? குடுத்திருந்தாலும் திட்ட மாட்டேன். நான் கொண்டு வர்றதே வேண்டாம்னு ஆயிடுச்சுன்னா, அதை மட்டும் மறைக்காம சொல்லிடுங்க.

அவன்: என்ன பேச்சு பேசற...

காவலர்: யாருக்கும் குடுக்கலம்மா. தலையணை உறைக்குள்ள மடிச்சு வெச்சிருக்கார். சோதனை போடும்போதெல்லாம் பாக்கறேன். எடுத்துட்டு வரட்டும், காஜாவை இந்த சோப்புக் கத்தியாலேயே வெட்டித் தர்றேன்.

அவன்: வேணாம் சார்.

அவள்: ஏன் வேணாம்?

அவன்: போட்டா அழுக்காகும்... அழுக்கானா துவைக்கணும்... துவைச்சா நம்ம வீட்டு வாசனை போயிடும். இப்பவே பாதிதான் இருக்கு.

அவள்: அது வீட்டு வாசனை இல்லைங்க... தச்சு முடிச்சதுலேர்ந்து இங்க கொண்டு வர்ற வரைக்கும், நான்தான் அதைப் போர்த்திக்கிட்டுப் படுப்பேன். இந்த வெள்ளையையும்தான். போங்க... போய் அந்த நீலத்தை எடுத்துட்டு வாங்க.