யாரும் எடுக்காத பெட்டிகள்

ஒரு பழைய டி.வி.யை வீட்டை விட்டு வெளியேற்றுவது எவ்வளவு சிரமம் என்று, அதைச் செய்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது, மேடம். புது டி.வி. வாங்கும்வரை அதைப் பற்றி நினைப்பே வராது. வாங்கிய மறுநாள் பழையது இடைஞ்சல். தூக்கிப் போடலாம் என்றால் தூக்கவும் முடியாது, போடவும் இடம் கிடையாது. என் வீட்டில் ஒன்றிரண்டு இல்லை. கூடத்துச் சுவரே தெரியாது. நீங்களே வந்து பார்த்தீர்கள். உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் முழங்காலை இடித்துக்கொண்டார். அதற்கு நான் வருத்தப்படுகிறேன்.

என் பெயர் அன்பரசன். லாட்ஜுகளுக்கு டி.வி. வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் விடுகிறவர்கள், கோயில் பக்கத்து லாட்ஜ்காரர்கள், எல்லோருக்கும் நான்தான் பெட்டி கொடுத்தேன். அப்புறம் சுவரில் மாட்டுகிற டி.வி. வந்தது. ஒவ்வொருவராக ஆட்டோவில் ஏற்றி எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் தன்னுடைய பழைய மானிட்டர்களையும் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். எல்லாம் ஒரே ஜாதிச் சாமான்தானே என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒருவர் வாசல்வரை வந்திருக்கும்போது முகத்தில் அடித்தாற்போல் பேச எனக்கு வராது.

பழைய இரும்பு எடுக்கிற கருப்பனைக் கூப்பிட்டேன். அவன் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "சார், உள்ள இருக்கற செம்பும் போர்டும் எடுத்துக்கறேன். பிக்சர் ட்யூப்பு வேணாம். அந்தக் கண்ணாடிய எவனும் வாங்கறதில்ல" என்றான். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, மேடம். உருக்கி வேறு கண்ணாடியாக்க முடியாது. உடைத்துக் கொட்டினால் மழைத் தண்ணீரோடு மண்ணில் இறங்கும். குப்பை வண்டிக்காரர்களும் எடுக்கவில்லை. ஒரு தடவை யாரோ மின்னணுக் குப்பை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். செல்போன், சார்ஜர் என்றால் கொடுங்கள், இதற்கெல்லாம் வண்டியில் இடமில்லை என்றார்கள்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். இருட்டினதும் ஏரிக்கரையில் போய்க் கொட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே மேய்ந்த எருமை ஒன்று உடைந்த ட்யூப்பை மிதித்துக் குளம்பு பிளந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நான் அப்படி ஒன்றைக்கூடக் கொட்டியதில்லை. வாயில்லாத ஜீவனுக்கு என்னால் ஒரு கெடுதல் வரக் கூடாது என்று எல்லாவற்றையும் என் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி வள்ளி இருந்தவரை பெட்டிகளின் மேல் புடவைத் துணி போர்த்தி, செவ்வாய் வெள்ளி தூசி தட்டுவாள். அவள் போனபிறகு தூசி அப்படியே இருந்துவிட்டது. மகள் இனியா பூனாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாம்மா என்றால், முதலில் அந்த டப்பாக்களை ஒழித்துக் கட்டுங்கள், பிள்ளைகள் மேல் விழுந்து வைக்கப்போகிறது என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் கம்மியாகிவிட்டது. வேலை ஜாஸ்தி என்றாள்.

அப்போதுதான் சின்னசாமி அண்ணன் மாடி ரூமுக்குக் குடிவந்தார். ஆரணிப் பக்கத்து ஊர். கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வசதியாக இங்கேயே இருந்துவிடலாம் என்று வந்தார். அத்தனை வருஷம் பஸ்ஸில் தூசி தின்றதில் அவருக்கு இழுப்பு உண்டு. சட்டைப் பையில் எப்போதும் அந்த மருந்துப் பம்ப் இருக்கும். குரல் மட்டும் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல்.

கூடத்தில் இருந்த பெட்டிகளில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. படம் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். சாயங்காலம் ஆனால் அண்ணன் கீழே வந்துவிடுவார். மெஸ்ஸிலிருந்து இட்லி வாங்கிவருவார், நான் சட்னி அரைத்து வைத்திருப்பேன். சீரியலில் வருகிற பெண்களுக்கெல்லாம் அவர் புத்தி சொல்வார். ஏமா, இவனப் போய் நம்புறியே என்பார். அதற்கு நான் சிரிப்பேன். நான் சிரிப்பதைப் பார்த்து அவர் சிரிப்பார், சிரிப்பு இழுப்பில் போய் முடியும். பம்ப்பை எடுத்து நான் நீட்டுவேன். மாடியில் பிளக் பாயிண்ட் வேலை செய்யாததால் அவருடைய போனும் கீழே என் டி.வி. ஸ்டாண்டில்தான் சார்ஜில் கிடக்கும். நான் அந்த பிளக்கைச் சரிசெய்யவில்லை. சரிசெய்ய ஒரு நிமிஷ வேலை. ஆனால் போனுக்காக அவர் எப்படியும் ஒரு நாளைக்குப் பல தடவை கீழே இறங்கி வருவார்.

அவருடைய தங்கை மகள் கவிநிலா வேங்கிக்காலில் புது வீடு கட்டினாள். அவளை உங்களுக்குத் தெரியும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். மாமாவை வயசான காலத்தில் தனியாக விடக் கூடாது என்று ஒரு ரூம் அவருக்கென்றே கட்டியிருந்தாள். வந்து பார்த்தபோது, இந்தத் தூசியிலும் டப்பா நாற்றத்திலும் மாமாவுக்கு இழுப்பு எப்படிக் குறையும் என்று என்னிடமே கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

அண்ணன் போவதாக முடிவு செய்துவிட்டார். எனக்கு அதைச் சொல்லும்போது டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேங்கிக்கால் என்னா தூரம், அன்பு. பஸ் ஏறினா பத்து நிமிஷம். வாரத்துல ரெண்டு நாள் வந்துட மாட்டனா?"

நீங்களும் அதையே கேட்கப்போகிறீர்கள். ஒரே ஊருக்குள் இருக்கிற இடம், அதற்காகவா என்று. தூரம் கிலோமீட்டரில் இல்லை, மேடம். இனியாவும் பூனா போகும்போது லீவுக்கு லீவு வருகிறேன் என்றுதான் சொன்னாள். யாரும் பொய் சொல்வதில்லை. போனபிறகு அவர்களுக்கு அங்கே ஒரு வாழ்க்கை வந்துவிடுகிறது.

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் அண்ணன் போவதாக இருந்தது. கடைசியில் கவிநிலா ஒரு மாற்றம் செய்தாள். தீபத்தன்று சாயங்காலம் குடும்பத்தோடு மலை சுற்ற வருகிறோம், மாமா ஆசிரமத்துப் பக்கம் வந்து சேர்ந்துகொள்ளட்டும், சுற்றி முடித்து அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம், சாமானை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அண்ணனுக்கு சந்தோஷம். தீபத்தன்று புது வீட்டுக்குப் போவது விசேஷம் என்றார். எனக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது இல்லாமல் போனது.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். நான் வத்தக்குழம்பு வைத்திருந்தேன். பம்ப் தீர்ந்துபோச்சு அன்பு, கடைப்பக்கம் போனால் ஒன்று வாங்கிவா என்று காலையிலேயே சொல்லியிருந்தார். வாங்கி வந்திருந்தேன். சாயங்காலம் நடக்க வேண்டுமே என்று சளி மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போய்ப் படுத்தார். அந்த மாத்திரை போட்டால் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்.

மாடி ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. தச்சர் தவறாகப் போட்டது, நாங்களும் மாற்றவில்லை. நான் முதலில் ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் வைத்தேன். கூடத்தில் நடக்க வழியில்லாமல் இருந்தது, மாடிப்படி மேலே கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தது ஒரு டி.வி. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன். காலமெல்லாம் பெட்டி தூக்கிய உடம்பு, அதனால் முடிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கதவின் பாதி உயரத்துக்கு வந்தது. கண்ணாடி முகமெல்லாம் கதவைப் பார்த்து இருக்கும்படி வைத்தேன். அப்படி வைத்தால்தான் சரியாமல் நிற்கும்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நேரத்துக்கு வராவிட்டால் அவர்கள் மலை சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அண்ணன் என்னோடு உட்கார்ந்து தீபத்தை டி.வி.யில் பார்ப்பார். மறுநாள் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இது பெரிய குற்றமாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் மெதுவாகத்தான் தட்டினார். "அன்பு, கதவு மாட்டிக்கிச்சு போலகுது. கொஞ்சம் வந்து பாரு" என்றார். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இதோ வரேண்ணா என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. சொன்னால் போக வேண்டியிருக்கும்.

வெளியே ஜனம் கடலாகப் போய்க்கொண்டிருந்தது. மைக், உடுக்கை, பீப்பி எல்லாம் ஒரே இரைச்சல். உள்ளே தட்டுவது பலமானது. நான் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நேரடி ஒளிபரப்பு போய்க்கொண்டிருந்தது. அண்ணனுடைய போன் ஸ்டாண்டில் அடித்தது. கவிநிலா. எடுத்தேன்.

"மாமா கெளம்பிட்டாரா, அங்கிள்?"

"தூங்குறார்மா. இழுப்பு கொஞ்சம் இருக்குது. நடக்க வேணாம்னு சொல்லிட்டார். நீங்க போயிட்டு வாங்க."

"பக்கத்துல இருந்து பாத்துக்கறீங்களா?"

"நான் எங்கம்மா போகப்போறேன்?" என்றேன்.

அந்தப் பெண் எனக்கு நன்றி சொன்னாள்.

தட்டுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் மூச்சு இழுப்பது கேட்க ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். எவ்வளவு மோசம் என்று கேட்டவுடனே சொல்லிவிடுவேன். புதுப் பம்ப் என் சட்டைப் பையில் இருந்தது. நான் எழுந்து படிக்கட்டுவரை போனேன். பெட்டிகளை நகர்த்த வேண்டுமே என்று இருந்தது. ஏற்றும்போது வராத அலுப்பு அப்போது வந்தது. நகர்த்தினால் அவர் வெளியே வருவார். ஏன் அன்பு இப்படிச் செய்தாய் என்று கேட்பார். அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள்கூட வர மாட்டார். நான் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

தீபம் ஏற்றினார்கள். வெளியே அரோகரா சத்தம் முதலில் எழுந்தது, அதன்பிறகுதான் என் டி.வி.யில் சுடர் தெரிந்தது. பச்சையாகத் தெரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மேலே சத்தம் நின்றிருந்தது. அந்த ரூமின் ஜன்னல் மலையைப் பார்த்த ஜன்னல், அண்ணன் அங்கே நின்று தீபம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் எடுத்த படத்தில் அவர் கதவோரம் கிடக்கிறார் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு அப்படி நினைத்தேன் என்று சொல்கிறேன்.

பெட்டிகளை நகர்த்திவிட்டு, திடீரென்று இழுப்பு அதிகமாகிப் போய்விட்டார் என்று கவிநிலாவுக்குச் சொன்னேன். அழுதுகொண்டே வந்தவள், மாமாவின் கையைப் பிடித்தபோது விரல் முட்டிகளில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

பெட்டிகளை எடுக்க ஆளே இல்லை, வைக்க வேறு இடமே இல்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. சென்னைப் பக்கத்தில் லைசென்ஸ் வைத்து இதையெல்லாம் பிரித்தெடுக்கிற கம்பெனி ஒன்றைக் கவிநிலாவே விசாரித்து, எனக்காக ஏற்பாடு செய்திருந்தாள். தீபத்துக்கு முந்தின நாள் காலையில் அவர்கள் வண்டி வந்தது. கையுறை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். ட்யூப் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம், அந்த ஈயக் கண்ணாடியைப் பத்திரமாக ஒழிக்கத் தனியாக இடம் இருக்கிறது என்றார்கள். நான் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, எல்லாத்தையும் ஏற்கெனவே கொடுத்தாச்சு தம்பி, வீணா அலைஞ்சிட்டீங்க என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். பெட்டிகளும் போய், அவரும் போய்விட்டால், அந்தக் கூடத்தில் எனக்கு என்ன இருக்கிறது? அவரை அடைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேனா என்று கேட்டால், கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான்தான் செய்தேன். கதவை அடைத்தது நான், மருந்தைக் கொடுக்காதது நான், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் நான். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஜன்னல் பக்கம் போய் ஊரைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கலாம். புது வீடு கட்டி வைத்திருந்த அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஊரே அரோகரா சொன்ன நேரத்தில் சாமி பெயரையாவது சொல்லியிருக்கலாம். கடைசிவரை அன்பு, அன்பு என்று என்னை மட்டும்தான் கூப்பிட்டார், மேடம். வேறு யாரையும் கூப்பிடவில்லை.