சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு வரி

பெயரும் முகவரியும் முன்பக்கத்தில் எழுதியபடி. வயது ஐம்பத்தேழு. தனியாள். ஈட்டுக்கடன் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுத்தர். நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தை ஒன்பது வருடமாக லேத் பட்டறைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அவர் என்னை அக்கா என்று கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இயந்திரத்தின் பேரில் கடன் கொடுத்தவர் கொண்டுவரும் அறிவிப்பை, யாரும் வந்து பார்க்கக்கூடிய பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. ஒரே இயந்திரத்தின் மேல் இருவர் கடன் கொடுத்திருந்தால் முதலில் பதிந்தவருக்கே முதல் உரிமை. பதியாதவர் கையில் இருப்பது வெறும் காகிதம். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கிறது. பின்னால் யாரும் எதையும் நுழைக்கக் கூடாது என்று தினமும் கடைசிப் பதிவுக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவேன்.

சென்ற வருடம் பட்டறைக்காரர் பெரிய லேத் வாங்க என் சேமிப்பு முழுவதையும் கொடுத்தேன். அந்த லேத்தையே ஈடாக எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அறிவிப்பைப் பதியப் போவதாகச் சொன்னேன். அதற்கு அவர், "பேரேட்டுல ஏத்தினா ஊருக்கே தெரிஞ்சிடும்க்கா. இரும்புக் கடைக்காரர் அப்புறம் கடனுக்குச் சரக்கு தரமாட்டாரு. என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். நான் பதியவில்லை. ஆனால் அன்று மாலை ஒரு வரியைக் காலியாக விட்டு, அதற்குக் கீழே கோடு போட்டேன். இருபத்தாறு வருடத்தில் அப்படி விட்டது அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஏழாவது மாதம் நிதி நிறுவனத்து ஊழியர் வந்து பேரேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தவளும் நானே. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் தங்கள் அறிவிப்போடு வந்தார். அதில் இருந்தது கீழ்த்தளத்து லேத்தின் எண். பதிந்து முத்திரை குத்தினேன். பட்டறைக்காரரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா என்பது நின்றுவிடும் என்று பயந்தேன்.

அதன் பிறகு அவர் தவணை கட்டாததால், லேத்தை எடுத்துப் போவதாக நிறுவனம் பட்டறைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது. அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்தக் காலி வரியில், நிறுவனத்துக்கு முன்பே பதிந்ததுபோல், என் அறிவிப்பை எழுதினேன். அதைக் காட்டி முதல் உரிமை கேட்டபோது, நிறுவனத்து ஊழியர் தான் முன்பு எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். படத்தில் அந்த வரி காலியாக இருந்தது.

பணத்துக்காகச் செய்தீர்களா என்று இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் அதிகாரி கேட்டார். இல்லை. லேத் ஓடும்போது மாடியில் என் டம்ளருக்குள் கரண்டி கிணுகிணுக்கும். காலையில் அது கேட்டால்தான் வீட்டில் ஆள் இருப்பதாகத் தோன்றும். செவ்வாய்க்கிழமை லேத்தை வண்டியில் ஏற்றிப் போனார்கள். பட்டறைக்காரரும் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, மாடி ஏறாமல் போய்விட்டார்.

டம்ளர் விஷயம் வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். "பேரேட்டுலதான் பொய் எழுதிட்டேன். இதுலயாவது உள்ளது உள்ளபடி இருக்கட்டும் சார்" என்றேன். படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான், அத்தனையும் நடந்ததுதான். என் கையெழுத்துக்குக் கீழே இடம் விடாமல் கோடு போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

(ஒப்பம்)