ஆணிக்கு ஒரு வரி

“ஆணி அடிக்கலாமான்னு வக்கீல்கிட்ட போய் யாராவது கேப்பாங்களா?”

சீர்காழி பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்தவர் தன் மனைவியிடம் கேட்டார்.

“கேட்டா என்னங்க? நீங்கதான் எதையுமே கேக்கல. குடியிருக்கற வீட்டையே வாங்கிக்கலாம், குடுக்கற வாடகையெல்லாம் வீட்டு விலையில கழிஞ்சிடும்னு வீட்டுக்காரர் வாயால சொன்னதை நம்பி, ஒப்பந்தத்தைப் படிக்காமயே கையெழுத்துப் போடப் போனீங்க. அதுல அந்தப் பேச்சே இல்லன்னு வக்கீல்தானே கண்டுபிடிச்சாரு?”

“வீட்டுக்காரரும் நல்ல மனுஷன்தான். வக்கீல் சொன்னதும் மறுபேச்சில்லாம சேத்துக்கிட்டாரு, இன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒப்பந்தத்தைப் பதிஞ்சும் குடுத்துட்டாரு.”

“இல்லங்கல. ஆனா செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னதும் அவருதானே? குடிவந்த நாள்லேருந்து சாமி படத்தைக்கூட அலமாரியில சாய்ச்சுத்தான் வச்சிருக்கோம்.”

“அதான் வக்கீல் சிரிச்சுக்கிட்டே, ஆணி அடிச்சுக்கலாம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதிட்டாரே. மொதல்ல எதை மாட்டப் போற? சாமி படமா, நம்ம கல்யாண போட்டோவா?”

அந்த அம்மா மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். உள்ளே ஒரு புதுச் சுத்தியல்.

“ஒண்ணும் மாட்டல. மொதல்ல சும்மா ஒரு ஆணி அடிச்சுப் பாக்கணும்.”