பச்சைக் கம்பளிக் கோட்டு

கம்பளி உடுப்பில் பூச்சி பிடித்தால் மருந்து எதுவும் தேவையில்லை; மொன்றியலின் தை மாதக் குளிர் போதும். உடுப்பை ஒரு பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, சில நாட்கள் பல்கனியில் விட்டால் பூச்சியும் அதன் முட்டையும் செத்துவிடும். துணிக்கு ஒரு சேதமும் வராது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் றோசலின் என்ற பெண்மணி. ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் பழைய உடுப்புக் கடை வைத்திருக்கிறார். நடந்த காரியத்தில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை, அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

என்னைத் தமிழிலேயே எழுதச் சொன்னவர், மொழிபெயர்க்க வந்திருக்கும் தீப்தி. சென்னைப் பிள்ளை, இங்கே படிக்க வந்தவராம். "உங்களுக்கு வர்ற மாதிரியே எழுதுங்கக்கா, நான் இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்துடுறேன்" என்றார். குடிக்கத் தண்ணீரும் வைத்தார். இத்தனை வயதில் என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் அக்கா என்றால் ஒருவர்தான்.

அவர் பெயர் அருந்தவராணி. என்னிலும் உயரம், நிறம், படிப்பு எல்லாவற்றிலும் கூடியவர். சிறு வயதில் அவருக்கு அளவில்லாமல் போன சட்டைகள் எனக்கு வரும். அக்கா வளர்ந்து முடித்த பிறகும் அது நிற்கவில்லை. அவருக்கு அலுத்துப்போனவை எனக்கு வந்தன. நான் முகம் சுளித்தால் அம்மா, "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே?" என்பார். அம்மா சொன்னதில் பிழையில்லை, நல்ல துணிகள்தான். என் கணவர் கணேசலிங்கமும் முதலில் அக்காவுக்குப் பேசின சம்பந்தம். அக்கா வேண்டாமென்றார். சாதகம் எனக்கும் பொருந்தியது. அவரும் நல்ல மனிதர்தான்.

எங்களைப் பொறுப்பெடுத்துக் கனடாவுக்குக் கூப்பிட்டவரும் அக்காவே. விமான நிலையத்துக்கு வந்தபோது அவர் கையில் ஒரு குளிர்கோட்டு இருந்தது, முந்தின வருடம் அவர் போட்டது. நன்றி மறந்தவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அக்காவின் மகன் ரதீசனைக் கேளுங்கள். அக்காவும் நானும் கணவரை இழந்த பிறகு, லாசாலில் ஒரே வீட்டில் இருந்து, அவருக்குச் சமைத்துப் போட்டு, கால் பிடித்துவிட்டு, நீரிழிவு மருந்தை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் நான்.

இனிக் கோட்டுக்கு வருகிறேன். நான் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் கீரை கட்டும் வேலை செய்கிறேன். மார்கழியில் ஒரு நாள், மெட்ரோவுக்கு நடக்கும்போது பனி கண்ணை மறைத்தது. கொஞ்ச நேரம் ஒதுங்கலாம் என்று அந்தக் கடைக்குள் போனேன். நீளமான சமையலறை அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் உடுப்புகள் நெருக்கித் தொங்கின, பூச்சி உருண்டை மணத்தது. மணிக்கட்டில் ஊசிக்குஷன் கட்டிக்கொண்டு ஒரு பெண்மணி ஏணியில் நின்றார். "பொன்ஜூர்" என்றார். அவர்தான் றோசலின்.

காசு கொடுத்துப் பழசு வாங்கும் கூட்டமும் உலகத்தில் உண்டென்று அன்றுதான் கண்டேன். சிரிப்பு வந்தது. எங்களில் செத்தவர்களின் உடுப்பை வீட்டில் வைத்திருக்கவே மாட்டார்கள்; இங்கே அதைத் தூசி தட்டி, இஸ்திரி போட்டு, கண்ணாடி முன்னால் தூக்கிப் பிடிக்கிறார்கள். றோசலின் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே உள்ளேயிருந்து ஒரு பச்சைக் கோட்டை எடுத்து வந்தார். கம்பளி. கறுத்த வட்டப் பொத்தான்கள். உள்ளே மண்நிறப் பட்டு. போட்டேன். தோள் என் தோளிலும் கை என் மணிக்கட்டிலும் நின்றன. அதுவரை நான் போட்ட எதுவும் என்னோடு நின்றதில்லை.

யாருடையது இது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கினார். எனக்கு அது பிடித்தது. நான் போட்ட பழசெல்லாம் யாருடையதென்று ஊருக்கே தெரியும். வாங்கிக்கொண்டேன். கம்பளி என்றால் பூச்சி வரலாம் என்று அவர் பல்கனி வைத்தியத்தைச் சொன்னது அப்போதுதான். பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் அக்கா பையைத் திறந்தார். கோட்டைப் போட்டுப் பார்த்தார்.

"பச்சை உனக்கு எடுபடாது யோகா. இதை நான் போடுறன். என்ர கறுத்தக் கோட்டு நல்லாத்தானே கிடக்கு, நீ அதை எடு."

"ஓம் அக்கா" என்றேன்.

அக்கா கெட்டவர் என்று இதை எழுதவில்லை. அவர் என்னிடமிருந்து பறித்ததாகவே நினைக்கவில்லை. எனக்கு ஒரு கோட்டுத் தந்ததாகத்தான் நினைத்தார். பொங்கலன்று பச்சைக் கோட்டோடு கோயிலுக்குப் போனார். எல்லோரும் அழகென்றார்கள். அவருக்குத் தோளில் கொஞ்சம் பிடித்தது, கையும் கட்டை. ஆனாலும் அவருக்கு எதுவும் அழகுதான்.

திரும்பி வந்த பின்னேரமே, கோட்டில் பூச்சி இருக்கிறது, பல்கனியில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். அக்காவுக்குப் பூச்சியென்றால் அருவருப்பு. உடனே கழற்றித் தந்துவிட்டார். பூச்சி இருந்ததா என்றால், நான் பார்க்கவில்லை. பையில் போட்டுக் கட்டி வெளியே வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா, பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்திய வீட்டுக்குப் போக இருந்தார். காலையிலேயே ரதீசனோடு தொலைபேசியில் கதைத்தார். பின்னேரம் அவன் சென்ட் லோரன்டிலிருந்து வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. பிறகு சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, வீட்டுச் சட்டையோடு வந்து, "கோட்டை எடுத்து வா யோகா" என்றார்.

"கை மீனாக் கிடக்கு அக்கா. நீங்களே எடுங்கோவன், வாசலடியிலதானே."

கை மீனாக இருந்தது உண்மை. அக்கா செருப்போடு வெளியே போனார். குளிர் உள்ளே வரும் என்பதால் நான் கதவைத் தள்ளிச் சாத்தினேன். அந்தக் கட்டடத்தில் பல்கனிக் கதவுகளின் கொளுக்கி தானாக விழுந்துவிடும். அப்படித்தான் விழுந்தது, நான் தலையிடிக்குளிசை போட்டுப் படுத்திருந்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அன்று கொளுக்கி விழவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு நான்தான் போட்டேன்.

கீழே தெருவில் பனி அள்ளும் லொறிகள் வந்திருந்தன. நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்லி அவை சங்கு ஊதுமே, அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பல்கனிக்கு எதிரே ஒரு தொழிற்சாலையின் பின்சுவர்தான். அக்கா மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினார். முதலில் கோபமாகத்தான் இருந்தார். பிறகு என் பெயரைச் சொன்னார், வாயசைவில் தெரிந்தது. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஒருவர் கஷ்டப்படுவதை நின்று பார்க்கிறவள் நானல்ல.

மீன்குழம்பை இறக்கி வைத்தேன். பிறகு அறைக்குப் போய், அலமாரியிலிருந்து பச்சைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தட்டுகிற சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ரதீசன் வருவதற்கு முன்னமே நான் அவசர உதவியைக் கூப்பிட்டேன். எல்லோரும் விபத்து என்றே நம்பினார்கள். பொலிஸ்காரரான நீங்கள்கூட என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவும் முடிந்தது. மறுநாள், செத்த வீட்டு வழக்கப்படி அக்காவின் உடுப்புகளைக் கட்டிக் கொடுத்துவிட ரதீசனும் மனைவி அஜந்தாவும் வந்தார்கள். சேலைகள், சட்டைகள், கறுத்தக் கோட்டு எல்லாம் பைக்குள் போயின. நானும் மடித்துக் கொடுத்தேன். பிறகு அஜந்தா என் அறைக்குள் போய், கதவின் பின்னால் தொங்கிய பச்சைக் கோட்டையும் எடுத்துவந்து பைக்குள் வைத்தாள்.

"அது என்ர" என்றேன்.

"இல்லைச் சின்னமாமி, மாமிதானே பொங்கலுக்குப் போட்டவ. செத்த ஆக்களின்ர உடுப்பை வைச்சிருக்கக் கூடாது."

பையின் வாயைக் கட்டத் தொடங்கினாள். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். இன்று சந்தையில் கீரை கட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் என்னால் முடியவில்லை. பையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா போகேக்க இது அவவிட்ட இருக்கேல்லை. அதுக்கு முந்தின நாளே நான் உள்ள எடுத்திட்டன். இது அவவின்ர இல்லை."

ரதீசன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சித்தி, கோட்டு பல்கனியில கிடக்கு, எடுக்கோணும் எண்டு அம்மா அண்டைக்குக் காலமை எனக்குச் சொன்னவ. கோட்டு உள்ளுக்கை இருந்தால், ஏன் அவவைப் போக விட்டனீங்கள்?"

நான் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் உங்களைக் கூப்பிட்டான். அதில் அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பல்கனியில் இருந்த பையில் கோட்டுக்குப் பதிலாக என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். வெறும் பையென்றால் காற்றுக்குப் பறந்துவிடும், பார்க்கவும் சந்தேகம் வரும். அதனால் என் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தவற்றை முந்தின நாளே அதற்குள் அடைத்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்த கோடையில் அக்கா தந்த பூப்போட்ட சட்டை, அவர் வங்கி வேலைக்குப் போட்டுக் கழித்த மெல்லிய மேற்சட்டைகள், கையில்லாத பருத்திச் சட்டைகள். எல்லாம் கோடைக்கு உரியவை. எல்லாம் அவர் தந்தவை. அக்காவைத் தூக்க வந்தவர்கள் கண்டபோது, அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தாராம். எனக்கு எப்போதும் தொளதொளவென்று இருந்தவை அவருக்கு அளவாகத்தான் இருந்திருக்கும். என்னுடைய பழசை அக்கா போட்டது அது ஒருமுறைதான். குறை சொல்ல அவருக்கு ஆளும் இருக்கவில்லை.

வேறு மறைக்க எதுவும் இல்லை. கோட்டைச் சாட்சிப் பொருளென்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் பையில் அமுக்கி வைக்க வேண்டாம், கம்பளி மூச்சுவிட வேண்டும். வழக்கு முடிந்ததும் ரதீசனிடம் கொடுக்காமல் என்னிடமே தர வேண்டும் என்று தீப்தி இதில் தெளிவாக எழுதட்டும். இறந்தவரின் உடுப்பென்று அவர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அக்கா அதை ஒரேயொரு நாள்தான் போட்டார். ஒருநாள் போட்டதைப் பழசு என்று சொல்ல முடியாது.