பதினொரு முகத்திரைகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவர் யிந்தான் அவர்களே! மூக்கையும் வாயையும் முகத்திரைக்குள் மூடி, கண்களை மட்டும் காட்டி அமர்ந்திருக்கும் பெரியவர்களே! பிள்ளை திரும்பாத வீடுகளிலிருந்து எழுந்து வந்திருக்கும் தாய்மார்களே! கோட்டை வாசலுக்கு வெளியே வெயிலில் கிடக்கும் பதினொரு பேர் சார்பில் உங்களுக்கு என் சலாம்.

நேற்று ஆற்றங்கரையில் நம் அமீரின் படை தோற்றது. மலையிலிருந்து இறங்கிய, திரை கட்டாத கிளர்ச்சிக்காரர்கள், செத்துக் கிடந்த நம் ஆண்களின் திரைகளை உருவி எறிந்துவிட்டுப் போனார்கள். அவர்களில் இறந்தவர்களும் அங்கேயே கிடந்தார்கள். பதினொரு உடல்களையும் கோட்டை வாசலுக்குத் தூக்கி வந்தோம். வயது வந்த நாள் முதல் வீட்டிலும் திரை கழற்றாத நம் ஆண்களின் முகங்களைத் திரையின்றி எப்படி அறிவோம்? தந்தைக்கு மகனைத் தெரியவில்லை. தோழனுக்குத் தோழனைத் தெரியவில்லை.

"ஒவ்வொருத்தனுக்கா துணியக் கட்டிப் பாரு, புள்ள. நம்மாளுன்னா புதைப்போம். அவனுங்கன்னா நாய்க்குப் போடுவோம்" என்றார் தலைவர், உடல்களைக் கழுவ வந்த என்னிடம்.

கட்டினேன். கட்டக் கட்ட அடையாளம் தெரிந்தது. ஒரு முகத்துக்குக் கட்டினேன்... என் தம்பி மஸ்தலி!

ஆம், போன வருடம் அந்தப் பக்கம் ஓடியவன்தான். போகும்போதும் சிரித்தான். "இந்தத் துணிக்குள்ள கையவிட்டுக் கஞ்சி குடிக்கிறதே பெரும்பாடு, அக்கா. அங்க போனா ஒழுங்கா சாப்பிடலாம்."

"போடா, உன் மூஞ்சியப் பார்த்தா அவனுங்களே ஓடிருவானுங்க" என்றேன்.

அவன் திரை கட்டிய வயதிலிருந்து நான் பார்க்காத முகம் அது. நேற்றுத்தான் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது.

"துரோகி எதுன்னு காட்டு!" என்று பின்னாலிருந்து கத்துகிறீர்கள். கேட்கிறது, ஐயா. காட்ட மாட்டேன். பதினொரு பேருக்கும் கண்ணையும் சேர்த்து மூடி, ஒரே முடிச்சாகக் கட்டிவிட்டேன். எது யார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"என் மவன் அதுல இருக்கானா, அத மட்டும் சொல்லு தாயி" என்று முன்வரிசையில் கேட்கும் தமீமா அம்மா! மண் விழுந்தபின் உங்கள் காதில் சொல்கிறேன். அதுவரை உங்களைத் தவிக்க வைக்கும் பாவம் என்னுடையது.

பெரியவர்களே! செத்தவன் முகத்திரையை எதிரி உருவினான் என்று கொதித்தீர்களே, கொந்தளித்தீர்களே! இன்று உருவப்போவது யார்? கண்ணைப் பார்க்க முடிச்சை அவிழ்த்தால், யாரும் பார்க்கக் கூடாத வாயும் வெளியே தெரிந்துவிடும். ஒருவனைப் பிரித்தெடுக்கப் பதினொரு பேரையும் ஊர் பார்க்க அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கத் துணிந்த கை எழட்டும்!

எழட்டும்!

ஒன்றுகூட எழவில்லை.

எழாத கைகளுக்கு என் நன்றி. அவையே இனி மண்வெட்டி எடுக்கட்டும். குழி ஒன்றே போதும். உங்கள்மீதும், அவர்கள்மீதும் அமைதி உண்டாகட்டும்.